இரண்டு வகைத் தாள்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம்)



அருங்காட்சியகங்களும் வரலாற்று உணர்வும் என்ற பொருளில் பேச வேண்டும் என்று துறைத் தலைவர் கேட்டுக்கொண்டார். அகலமான தலைப்பு என்றாலே எனக்குக் கொஞ்சம் அச்சம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஒன்றையும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கிவிட அதில் வசதி இருக்கிறது. எனவே அவருடைய அனுமதியோடு தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஐரோப்பிய யூதர்கள் சுமார் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். அந்தக் கொடுமையின் நினைவைக் காக்கும் அருங்காட்சியகங்களில் மூன்றை ஒரே பயணத்தில் பார்த்தேன். பெர்லினில் ஒன்று, வார்சாவில் ஒன்று, மூன்றாவது அவுஷ்விட்ஸ். இன்று அந்த மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் பழைய கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்து ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் கண் முதலில் தாளைத் தேடும். இந்தப் பயணத்திலும் அதுதான் நடந்தது. உடன் வந்தவர்கள் சுவர்களையும் முள்கம்பியையும் பார்த்து நின்றபோது, நான் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த தாள்களின் மேல் குனிந்து நின்றேன். அப்படி நின்றதில் எனக்குப் பிடிபட்ட கருத்து ஒன்றே ஒன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த அருங்காட்சியகங்களில் இரண்டு வகைத் தாள்கள் இருக்கின்றன: கொன்றவர்கள் எழுதியவை, கொல்லப்பட்டவர்கள் எழுதியவை. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் நினைவு அருங்காட்சியகத்தின் முதல் வேலை. அஞ்சலியும் கண்ணீரும் அந்தப் படிப்பின் மேல்தான் நிற்க முடியும். இதை ஐந்து குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. கொன்றவர்களின் தாள்

பெர்லினின் தென்மேற்கு ஓரத்தில் வான்சே என்ற ஏரி. புறநகர் ரயிலில் வான்சே நிலையத்தில் இறங்கி 114ஆம் எண் பேருந்தைப் பிடித்தால், ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாசலில் இறக்கிவிடுகிறது. 1914-15இல் ஒரு தொழிலதிபருக்காகக் கட்டிய வீடு. தோட்டம், சிலைகள், தண்ணீரில் பாய்மரப் படகுகள். பயங்கரத்தை எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாந்துபோவார். போர்க்காலத்தில் இது எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் விருந்தினர் மாளிகை.

1942 ஜனவரி 20 அன்று இங்கே 15 பேர் கூடினார்கள். எஸ்.எஸ். தளபதி ரைன்ஹார்ட் ஹைட்ரிச் தலைமை. அவருக்குக் கீழிருந்த அடோல்ஃப் ஐக்மன் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்தவர். உள்துறை, நீதித்துறை, வெளியுறவுத் துறை போன்றவற்றின் உயர் அதிகாரிகள் வந்திருந்தார்கள். பதினைந்து பேரில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். பட்டமளிப்பு விழாக்கள் நடக்கும் இந்த வளாகத்தில் இந்த எண்ணிக்கையைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கூட்டம் சுமார் ஒன்றரை மணி நேரம். முடிந்ததும் சிற்றுண்டி உண்டு என்று அழைப்பிதழிலேயே குறிப்பிட்டிருந்தார்கள்.

கொலை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுத்த கூட்டம் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. கொலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாட்களில் கீவ் நகரத்தின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட படையே எழுதி அனுப்பிய அறிக்கையின் கணக்கு இது. போலந்தின் ஹெல்ம்னோவில் 1941 டிசம்பரிலேயே நச்சுவாயு வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வான்சேயில் நடந்தது துறைகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு. ஏற்கெனவே நடக்கும் வேலையை யார் தலைமையில், எந்த வரிசையில், கண்டம் முழுவதும் எப்படி நடத்துவது என்பதே பொருள்.

அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு 15 பக்கம். ஆறாம் பக்கத்தில் ஒரு பட்டியல்: நாடுவாரியாக யூதர்களின் எண்ணிக்கை. உக்ரைன் 29,94,684. இங்கிலாந்து 3,30,000. போரில் சேராத அயர்லாந்து 4,000. அல்பேனியா 200. எஸ்தோனியாவுக்கு நேரே எண் இல்லை, யூதர் அற்றது என்ற ஒரு சொல் இருக்கிறது. அடியில் கூட்டுத்தொகை 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல்.

அலுவலகங்களில் பட்டியல் தயாரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் மிகவும் பழக்கமானதாகத் தோன்றும். அதுதான் நடுங்க வைக்கிறது. பதினைந்து பக்கங்களிலும் கொலை என்ற சொல் இல்லை. கிழக்கே வெளியேற்றுதல் என்று இருக்கிறது. வேலையில் சாகாமல் மிஞ்சுகிறவர்கள் அதற்கேற்றபடி நடத்தப்பட வேண்டும் என்று இருக்கிறது. யார் நடத்துவார், எப்படி நடத்துவார் என்பது இல்லை. கலப்புத் திருமணத்தில் பிறந்தவர்களை என்ன செய்வது என்பதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துப் பகுதியின் பிரதிநிதி, எங்கள் பகுதியிலேயே முதலில் தொடங்குங்கள், அங்கே போக்குவரத்துச் சிக்கல் பெரிதாக இல்லை என்று கேட்டுக்கொண்டது பதிவாகியிருக்கிறது. 1961இல் ஜெருசலேமில் நடந்த வழக்கில் ஐக்மனே ஒப்புக்கொண்டார்: அறையில் கொல்லும் முறைகளைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்கள், குறிப்பில்தான் அது மெருகேறியது.

ஆகவே கொன்றவர்களின் தாளைப் படிக்கும்போது ஒரு கேள்வி கையில் இருக்க வேண்டும். எந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் எந்தச் சொல் வந்திருக்கிறது? எழுவாய் எங்கே காணாமல் போகிறது? இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த அருங்காட்சியகத்தில் வேலை இருக்கிறது.

2. தாள் தானாகத் தப்புவதில்லை

அந்தக் குறிப்புக்கு 30 நகல்கள் எடுத்தார்கள். இன்று உலகத்தில் இருப்பது ஒன்று, 16ஆம் எண் நகல். வெளியுறவுத் துறையைச் சேர்ந்த மார்ட்டின் லூதர் என்ற அதிகாரிக்குப் போனது. 1947இல் அமெரிக்க வழக்கறிஞர் ராபர்ட் கெம்ப்னரின் குழுவினர் வெளியுறவுத் துறைக் கோப்புகளைப் புரட்டியபோது அது அகப்பட்டது. மற்ற 29 நகல்களும் போன வழியே இதுவும் போயிருந்தால், பங்கேற்றவர்கள் அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்று சாதித்திருப்பார்கள்.

இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும். 1943 ஜனவரியில் ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பிய தந்தி ஒன்றைப் பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துக் குறியீட்டை உடைத்தது. அதில் நான்கு எழுத்துகளுக்கு நேரே நான்கு எண்கள். என்னவென்று யாருக்கும் புரியவில்லை. தாள் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, லண்டன் ஆவணக் காப்பகத்தில் அதை எடுத்துப் படித்த ஆய்வாளர்கள், அந்த எழுத்துகள் மரண முகாம்களின் முதலெழுத்துகள் என்று கண்டார்கள். டி என்றால் ட்ரெப்ளிங்கா. 1942 முடிவு வரை அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் 7,13,555. நான்கு முகாம்களுக்கும் சேர்த்து 12,74,166. கையில் தாள் இருந்தும், படிக்கத் தெரிந்த கண் வருவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது.

தாள் கிடைத்துவிட்டால் அருங்காட்சியகம் தானாக வந்துவிடுமா? வராது. போருக்குப் பின் வான்சே மாளிகையில் பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறை விடுதி நடந்துகொண்டிருந்தது. யோசெஃப் வுல்ஃப் என்ற வரலாற்றாசிரியர், அவுஷ்விட்ஸில் இருந்து பிழைத்தவர், அந்த வீட்டை நாஜி குற்றங்களுக்கான ஆவண மையமாக்க வேண்டும் என்று 1960களின் நடுவில் இயக்கம் தொடங்கினார். பிள்ளைகளின் விடுதியைக் காலி செய்ய முடியாது என்று சொன்னார்கள். இதையெல்லாம் இன்னும் எத்தனை காலத்துக்குப் பேசிக்கொண்டிருப்பது என்ற மனநிலைதான் அதன் பின்னால் இருந்தது. 1974இல் வுல்ஃப் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கூட்டம் நடந்து 50 ஆண்டு நிறைந்த 1992 ஜனவரியில் அந்த வீடு நினைவிடமாகத் திறக்கப்பட்டது. அங்கே உள்ள நூலகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். படிக்க உட்கார்ந்தேன். எடுத்த புத்தகங்களில் இரண்டு அவர் எழுதியவையாகவே இருந்தன.

3. கொல்லப்பட்டவர்களின் தாள்

இப்போது வார்சாவுக்கு வாருங்கள். வான்சே கூட்டம் நடந்த அதே 1942 ஜனவரி மாதம், ஹெல்ம்னோவில் பிணக்குழி தோண்ட வைக்கப்பட்டிருந்த ஒரு யூதக் கைதி தப்பி ஓடினார். எப்படியோ, யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவை அடைந்தார். அவர் சொல்லச் சொல்ல, ஹெர்ஷ் வாசர், ப்ளூமா வாசர் என்ற தம்பதி உட்கார்ந்து எழுதினார்கள். வான்சே குறிப்பில் வெளியேற்றம் என்று இருக்கும் சொல்லுக்கு இந்தத் தாளில் உண்மையான பொருள் இருக்கிறது: வண்டி, புகை, குழி, குழிக்குள் அவர் அடையாளம் கண்டுகொண்ட சொந்த ஊரார். ஏறத்தாழ ஒரே சமயத்தில் எழுதிய இந்த இரண்டு தாள்களையும் நான் மனத்துக்குள் எப்போதும் சேர்த்தே கட்டி வைத்திருக்கிறேன்.

எழுதியவர்கள் ஒரு இரகசியக் குழுவினர். நாஜிகள் 4 லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை ஒரு சுவருக்குள் அடைத்து, 1940 நவம்பரில் வாசலை மூடிய நகரம் வார்சா. அதற்குள் எமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் அறுபது பேர் அளவில் ஆட்களைச் சேர்த்தார். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், மத குருமார், கணக்கர்கள். சனிக்கிழமைகளில் கூடியதால் ஓய்னெக் ஷப்பெஸ், அதாவது ஓய்வுநாள் மகிழ்ச்சி, என்று குழுவுக்குப் பெயர். பட்டினியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் தெருவில் மனிதர்கள் விழுந்துகொண்டிருக்கும்போது இவர்கள் வினாநிரல் தயாரித்தார்கள், நேர்காணல் எடுத்தார்கள், ஒவ்வொன்றையும் முடிந்தவரை இரண்டு மூன்று படிகள் எழுதி வைத்தார்கள்.

என்னவெல்லாம் சேர்த்தார்கள் என்று பார்த்தால், ஆவணம் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த விளக்கத்தையே திருத்த வேண்டியிருக்கிறது. டைரிகள், இரகசியப் பத்திரிகைகள், ரேஷன் அட்டைகள் ஒரு பக்கம். மிட்டாய் சுற்றிய காகிதம், டிராம் டிக்கெட், உணவக விலைப்பட்டியல், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை இன்னொரு பக்கம். ஒரே வீட்டுக்குள் பல குடும்பங்கள் நெருங்கிக் கிடந்ததால், யாரைப் பார்க்க எத்தனை முறை மணி அடிக்க வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்த சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். கெட்டோ என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நான் இனிக் காட்டப்போவது அந்தச் சீட்டைத்தான்.

1942 ஜூலை 22 முதல் ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் புறப்பட்டன. இரண்டே மாதங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிப் போனார்கள். ஆகஸ்ட் முதல் நாட்களில் இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியர், தன் பழைய மாணவர்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நோவோலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளியின் அடித்தளத்தில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார். மாணவர்கள் டாவிட் க்ராபெருக்கு 19 வயது, நாஹும் க்ஷிவாச்சுக்கு 18. மூவரும் தங்கள் உயிலையும் எழுதி உள்ளே வைத்தார்கள். க்ராபெர், இது தோண்டி எடுக்கப்படும் நாளைக் காண ஆசைப்படுவதாக எழுதினார். க்ஷிவாச் எழுதிக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் இருக்கும் தெருவை வளைத்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. ஓடிப்போய்ப் பார்க்கிறேன், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, என் பெயரை நினைவில் வையுங்கள் என்ற பொருளில் முடிக்கிறார். மூவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் அதே இடத்தில் இரண்டு பால் கேன்கள் இறங்கின.

ரிங்கெல்ப்ளூம் நகரத்தின் வேறொரு பகுதியில் நிலவறை ஒன்றில் மனைவி, மகனோடு ஒளிந்திருந்தார். 1944 மார்ச்சில் பிடித்துக் கொன்றார்கள். குழுவில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் வாசர் தம்பதியும் ராஹேல் அவுவெர்பாஹ் என்ற எழுத்தாளரும். கெட்டோ இருந்த இடம் அப்போது செங்கல் குவியல், தெருவே தெரியவில்லை. அவுவெர்பாஹ் விடாமல் வற்புறுத்தினார். 1946 செப்டம்பரில் தகரப் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே தண்ணீர் புகுந்து தாள்கள் ஒட்டிப்போயிருந்தன. 1950 டிசம்பரில் பால் கேன்கள் கிடைத்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 35,000 பக்கங்கள். 1999இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது.

இவை இன்று வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருந்த பெரிய யூதத் தொழுகைக் கூடத்தை நாஜிகள் 1943 மே 16 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். நிறுவனக் கட்டடம் எரிந்தும் நின்றது. நுழைவுக் கூடத்தின் தரையில் அந்தத் தீயின் கறுப்பு இன்னும் இருக்கிறது, அதை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். மாடியில் ஒரு பால் கேனை வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்தது, நம் பால்காரர் சைக்கிளில் மாட்டுவதைவிடச் சற்றுப் பெரியது. நான் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தான்.

கவனியுங்கள். கொன்றவர்கள் பட்டியலில் எண்ணாக எழுதிய மனிதர்கள், தாங்களே வரலாற்றாசிரியர்களாகத் தங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தங்களுக்குள் இருந்த கள்ளக் கடத்தல்காரர்களையும் யூதப் போலீசாரின் கொடுமைகளையும்கூட மறைக்கவில்லை. பரிதாபம் தேடி எழுதியவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

4. தாளே இல்லாதவர்கள்

அவுஷ்விட்ஸுக்குப் போனதும் என்னுடைய இரண்டு வகைப் பாகுபாடு உடைந்தது.

அங்கே குறைந்தது 13 லட்சம் பேரைக் கொண்டுவந்தார்கள். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள், மற்றவர்கள் போலந்துக்காரர்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள், பிறர். முகாமில் பதிவு செய்து எண் கொடுத்தது சுமார் 4 லட்சம் பேருக்குத்தான். கையில் பச்சை குத்திய எண்ணையே கொடுமையின் அடையாளமாக நாம் அறிவோம். ஆனால் பெரும்பாலோருக்கு அந்த எண்கூடக் கிடைக்கவில்லை. ரயில் மேடையில் இறங்கி, மருத்துவர் கையசைத்த திசையில் நடந்து, ஓரிரு மணி நேரத்தில் நச்சுவாயு அறைக்குள் போனவர்களுக்கு முகாமின் எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. இருந்த கோப்புகளையும் 1945 ஜனவரியில் பெரும்பகுதி எரித்தார்கள், எரிமேடைக் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஜனவரி 27 அன்று சோவியத் படை வந்தபோது மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000.

தாள் இல்லாத இடத்தில் பொருள் பேச வேண்டியிருக்கிறது. 1947இல் போலந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நிறுவிய இந்த அருங்காட்சியகத்தில் சுமார் 1,10,000 செருப்புகளும் காலணிகளும், 12,000க்கு மேல் சமையல் பாத்திரங்களும், சுமார் 3,800 பெட்டிகளும் உள்ளன. இந்தப் பெட்டிகளில் ஏறத்தாழ 2,100இல் உரியவர்கள் பெயர் இருக்கிறது. வெள்ளை வண்ணத்தில் பெரிய எழுத்தில் பெயர், ஊர், பிறந்த தேதி. பெட்டி திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். நம்பியிருக்கிறார்கள். எனவே இந்தப் பெட்டியும் ஒரு தாள்தான், ஒரே பரப்பில் இருவரும் எழுதிய தாள். ஏமாற்றியவனின் உத்தரவும் ஏமாந்தவரின் கையெழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. பாத்திரங்களும் அப்படித்தான். சாகப் போகிறோம் என்று தெரிந்தவர் வாணலியும் துருவியும் கட்டி எடுத்து வரமாட்டார்.

2005இல் இப்படி ஒரு பெட்டியைப் பாரிஸ் நினைவகத்துக்கு இரவல் கொடுத்தார்கள். பார்க்க வந்த முதியவர் ஒருவர் அதில் தன் தந்தையின் பெயரையும் பழைய முகவரியையும் கண்டார். பெட்டி திரும்பப் போகக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். அருங்காட்சியகமோ, இது சான்று, இங்கிருந்து போகக் கூடாது என்றது. நீண்ட கால இரவலாகப் பாரிஸிலேயே இருக்கட்டும் என்று 2009இல் சமரசம் ஆயிற்று. மகனுக்கு அது தகப்பன் தொட்ட பொருள். உலகத்துக்கு அது சாட்சி. இரண்டு உரிமையும் நியாயமானது என்பதுதான் அந்த வழக்கின் கனம்.

எழுதியவர்கள் இங்கேயும் உண்டு. பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகளில் ஒருவரான சல்மென் கிராடோவ்ஸ்கி, தன் குறிப்பேட்டை அலுமினியத் தண்ணீர்க் குப்பிக்குள் வைத்து எரிமேடை அருகில் புதைத்தார். 1944 அக்டோபர் 7 அன்று நடந்த கிளர்ச்சியில் இறந்தார். 1945 மார்ச்சில் மண்ணுக்குள் இருந்து குப்பி வெளிவந்தது. அதே குழுவினர் 1944 ஆகஸ்டில் திருட்டுத்தனமாக எடுத்த நான்கு புகைப்படங்கள் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே போய்ச் சேர்ந்தன. வார்சாவில் பால் கேன், இங்கே தண்ணீர்க் குப்பி. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தாளே இல்லாதவர்களுக்கு வேறென்ன செய்ய முடியும்? பெயர் தேடலாம். ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் 1950களில் இருந்து உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் படிவம் கொடுத்து ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்குகிறது. அவுஷ்விட்ஸின் 27ஆம் கட்டடத்தில் 2013இல் வைத்த பெயர்ப் புத்தகத்தில் 42 லட்சம் பெயர்கள் இருந்தன. தேடலில் கிடைத்த பெயர்கள் இப்போது 50 லட்சம் அளவுக்கு வந்திருக்கின்றன. ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் புத்தகத்தின் தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம். ஓரங்கள் கைபட்டு மங்கியிருக்கின்றன.

5. காப்பது வேறு, புதுப்பிப்பது வேறு

தாள்களையும் பொருள்களையும் சான்றாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதையும் அழகுபடுத்தக் கூடாது. அவுஷ்விட்ஸின் பாதுகாப்புக் கூடத்தில் காலணிகளைத் துடைக்கிறார்கள், சிதையாமல் காக்கிறார்கள். தேய்ந்த குதிகாலைத் தேய்ந்தபடியே விடுகிறார்கள். பெண்களின் தலைமுடி சுமார் 2 டன் அங்கே இருக்கிறது. அது மனித உடலின் பகுதி என்பதால் வேதிப்பொருள் எதுவும் பூசுவதில்லை. ஒருநாள் அது தூளாகிவிடும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள். அந்த அறையில் படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

இந்தக் கட்டுப்பாட்டை அவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். முதல் முகாமில் இருந்த எரிமேடைக் கட்டடத்தை 1944இல் எஸ்.எஸ். படை வான்தாக்குதல் புகலிடமாக மாற்றியிருந்தது. போருக்குப் பின், வருபவர்களுக்கு விளங்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, புகைபோக்கியையும் உலைகளையும் கூரைத் துளைகளையும் திரும்பக் கட்டினார்கள். பின்னாளில், இந்தப் படுகொலை நடக்கவே இல்லை என்று சொல்லும் மறுப்பாளர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பார்த்தீர்களா, எல்லாமே போருக்குப் பின் கட்டியது என்றார்கள். அவுஷ்விட்ஸின் இரண்டாம் முகாமான பிர்க்கெனாவில் வெடி வைத்துத் தகர்த்த நச்சுவாயு அறைகளை இன்று இடிபாடாகவே தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மறுப்பாளர் என்றேன். டேவிட் இர்விங் என்ற ஆங்கில எழுத்தாளர், தன்னை மறுப்பாளர் என்று எழுதியதற்காக அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீதும் பெங்குவின் பதிப்பகத்தின் மீதும் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். எழுதியது உண்மை என்று எழுதியவரே நிரூபிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். பிழைத்து வந்தவர்கள் பலர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். லிப்ஸ்டாட் தரப்பு வழக்கறிஞர்கள் அவர்களில் ஒருவரையும் கூண்டில் ஏற்றவில்லை. அவர்களைக் குறுக்கு விசாரணையில் அவமதிக்க இடம் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, தாள்களை முன்வைத்து வாதாடினார்கள். கட்டட வரைபடங்கள், கட்டுமான நிறுவனங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து, அறிக்கைகள். 2000 ஏப்ரல் 11 அன்று நீதிபதி சார்லஸ் கிரே தீர்ப்பளித்தார். இர்விங் தோற்றார். ஆவணங்களைத் தெரிந்தே திரித்தவர் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதினார். பிழைத்தவர்களின் மானத்தைத் தாள்கள் காப்பாற்றின என்று நான் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

இத்தனை பேரின் சாவைச் சான்று, வரைபடம், நகல் எண் என்று பேசுவது ஈரமில்லாத பேச்சாக இல்லையா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிர்க்கெனாவின் ரயில் பாதை ஓரத்தில் நானும் வாய் பேசாமல்தான் நின்றேன். ஆனால் கண்ணீருக்குக் காலம் குறைவு. விமான நிலையம் வருவதற்குள் காய்ந்துவிடும். 2019இல் மட்டும் 23 லட்சம் பேர் அவுஷ்விட்ஸுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் மனம் கனத்துத்தான் திரும்பியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரால், தங்கள் ஊரில் ஒரு அரசாணை மனிதர்களைப் பட்டியலாக்கும்போது, அந்தத் தாளில் எழுவாய் காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடிக்க முடியும்? அந்தப் பயிற்சியைக் கொடுக்காவிட்டால் அருங்காட்சியகம் தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டது என்றுதான் பொருள்.

முடிக்கிறேன். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படியொரு நினைவிடத்துக்குப் போக உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், கையில் ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கொன்றவர்களின் தாளில் இருந்து ஒரு வாக்கியத்தையும், கொல்லப்பட்டவர்களின் தாளில் இருந்து ஒரு வாக்கியத்தையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதிக்கொண்டு வாருங்கள். படம் எடுப்பதைவிட அதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

நாம் இன்னும் படிக்காத தாள்களும் உண்டு. ரிங்கெல்ப்ளூம் குழுவினர் புதைத்தது இரண்டு தொகுதிகள் மட்டும் அல்ல. 1943 ஏப்ரலில், கெட்டோவின் கிளர்ச்சிக்குச் சற்று முன்பு, ஷ்வியென்தோயெர்ஸ்கா தெரு 34ஆம் எண்ணில் மூன்றாவது தொகுதியையும் புதைத்தார்கள். அந்த இடம் இன்று சீனத் தூதரக வளாகத்துக்குள் இருக்கிறது. தேடிப் பார்த்தார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை.